சிரிப்பை நிறுத்தத் தெரிந்தவர்கள்

1975க்கும் 1980க்கும் நடுவில் அமெரிக்க டிவியில் வந்த அரைமணி நேர நகைச்சுவைத் தொடர்களை நான் பல வருஷமாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அப்போது அங்கே சிபிஎஸ், என்பிசி, ஏபிசி என்று மூன்றே பெரிய சேனல்கள். சாயங்காலம் ஆனால் நாட்டில் பாதிப் பேர் அந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரு எபிசோட் நன்றாக அமைந்துவிட்டால் மறுநாள் காலையில் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் அதே பேச்சாக இருக்கும்.

'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தவர்களுக்கு, வசனம் முடிந்ததும் பின்னாலிருந்து வரும் கூட்டச் சிரிப்பு பழகியிருக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. என் கட்சி இதுதான்: அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எபிசோடுகளை எழுதியவர்களுக்குச் சிரிக்க வைக்கத் தெரிந்திருந்தது, அதைவிட முக்கியமாக, சிரிப்பை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இரண்டாவது வித்தைதான் கடினம்.

முதலில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். சார்லி டக்ளஸ் என்று ஒருவர். சிபிஎஸ்ஸில் ஒலிப் பொறியாளராக இருந்தவர். 1950களில் அவர் ஒரு பெட்டியைச் செய்தார். உள்ளே டேப் சுருள்கள்; ஒவ்வொன்றிலும் வேறு வேறு மனிதர்களின் சிரிப்பு. மெல்லிய முறுவல், அடக்க முடியாத வெடிச்சிரிப்பு, கடைசி ஆளாகப் புரிந்துகொண்டு தனியாகச் சிரிக்கும் ஒருத்தியின் குரல் என்று எல்லாம் உண்டு. டைப்ரைட்டர் மாதிரி விசைகள், ஒலியை ஏற்றி இறக்கக் காலுக்கு ஒரு பெடல். எபிசோடைத் திரையில் ஓடவிட்டு அதற்கேற்ப விசைகளை அமுக்குவார். பெட்டிக்குப் பூட்டு போட்டிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குக் காட்டியதில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அதை எடுத்துக்கொண்டு போய் வேலை பார்த்தார். எத்தனையோ தொடர்களுக்குச் சிரித்தது அந்த ஒரே பெட்டிதான்.

இன்னொரு வழியும் இருந்தது. முந்நூறு பேர் போலக் கூட்டம் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே மேடை நாடகம் போல நடித்துப் படம்பிடிப்பது. 'ஆல் இன் தி ஃபேமிலி', 'மேரி டைலர் மூர் ஷோ', 'டாக்ஸி' எல்லாம் இந்த வகை. இங்கே கேட்பது நிஜ மனிதர்களின் சிரிப்பு. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் பெட்டிக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாது. மனிதர்களுக்குத் தெரியும்.

பெட்டியோடு மல்லுக்கட்டிய தொடர் 'மேஷ்'. 1972இல் தொடங்கி 1983 வரை ஓடியது. கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் அறுவை சிகிச்சை முகாம்தான் களம். அந்தப் போர் நடந்தது மூன்று வருஷம், தொடர் ஓடியது பதினோரு வருஷம். வெளிப்புறக் காட்சிகளைக் கலிஃபோர்னியாவின் மாலிபு மலைப்பக்கம் எடுத்தார்கள், மீதியை ஸ்டூடியோவில். சினிமா போல ஒற்றைக் கேமராவில் எடுத்ததால் எதிரே பார்வையாளர் கூட்டம் கிடையாது. ஆனாலும் நகைச்சுவைத் தொடர் என்றால் சிரிப்பு கேட்டே ஆக வேண்டும் என்று சேனல் பிடிவாதமாக நின்றது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் சிரிப்பு வராது.

இந்தச் சின்ன ஒப்பந்தம் என்ன செய்தது என்பதைத் தொடரைப் பார்த்தால்தான் புரியும். கூடாரத்தில் கதாநாயகனான மருத்துவர் ஹாக்ஐயும் அவன் நண்பனும் சொல்லும் ஒவ்வொரு துடுக்குப் பேச்சுக்கும் சிரிப்பு எழுகிறது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது, காயம்பட்டவர்கள் வருகிறார்கள், எல்லாரும் ஓடுகிறார்கள். அடுத்த காட்சியில் அதே ஆள் முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து அதே மாதிரி துடுக்காகப் பேசுகிறான். யாரும் சிரிக்கவில்லை. கத்தரியும் கிடுக்கியும் தட்டில் விழும் சத்தம் மட்டும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, ஏன் என்று தெரியாமலே, உடம்பு கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

இந்த மௌனத்தை அவர்கள் எவ்வளவு தூரம் பயன்படுத்தினார்கள் என்பதற்கு 1975 மார்ச்சில் வந்த 'அபிசீனியா, ஹென்றி' ஓர் உதாரணம். முகாமின் தலைவர் ஹென்றி பிளேக்குக்கு விடுதலை உத்தரவு வந்து ஊருக்குக் கிளம்புகிறார். எபிசோட் முழுக்கக் கேலியும் பிரிவுபசாரமும். அவர் போன பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குள் ரேடார் என்ற இளம் சிப்பாய் வருகிறான். முகக்கவசம்கூடப் போடாமல், ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படித்துச் சொல்கிறான். கடைசிப் பக்கத்தை நடிகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்காமல் வைத்திருந்து, அந்தக் காட்சி எடுக்கும் நேரத்தில்தான் காட்டினார்கள். படப்பிடிப்பில் யாரோ ஒருவர் கையிலிருந்து ஒரு கருவி நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் பேசவில்லை. அந்த ஓர் உலோகச் சத்தம்தான் அந்தக் காட்சியின் அழுகை.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் 'தி இன்டர்வியூ' வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. கிளீட் ராபர்ட்ஸ் என்ற நிஜ செய்தியாளர் முகாமுக்கு வந்து ஒவ்வொருவரையும் பேட்டி எடுக்கிறார், அவ்வளவுதான் கதை. பதில்களில் சிலவற்றை நடிகர்கள் அந்தந்தப் பாத்திரமாகவே இருந்து தாங்களாகவே சொன்னார்கள். சிரிப்பு அறவே கிடையாது. இந்தப் போர் உங்களை மாற்றியிருக்கிறதா என்று பாதிரியார் மல்கேயிடம் கேட்கிறார். குளிர் அதிகமான நாட்களில், மருத்துவர் ஒரு நோயாளியின் உடம்பைத் திறக்கும்போது உள்ளிருந்து ஆவி எழும்பும், அந்த ஆவியில் மருத்துவர் கையைச் சூடு காட்டிக்கொள்வார் என்கிறார் பாதிரியார். அதைப் பார்த்த பிறகு ஒருவர் மாறாமல் இருக்க முடியுமா என்று திருப்பிக் கேட்கிறார். பாதிரியாராக வரும் வில்லியம் கிறிஸ்டஃபர் அதைக் குரல் உயர்த்தாமல், எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு சொல்வார். கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் கொரியாவில் வேலை பார்த்த மருத்துவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்து வைத்திருந்தவர்கள். பல கதைகளின் வேர் அந்தப் பேட்டிகளில் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்து எழுதினால் இப்படி ஒரு விவரம் கிடைக்காது.

1978 நவம்பரில் வந்த 'பாயிண்ட் ஆஃப் வியூ' இன்னொரு துணிச்சல். கென் லெவைனும் டேவிட் ஐசக்ஸும் எழுதியது. அதில் கேமராதான் காயம்பட்ட சிப்பாய். அவன் முகத்தை நாம் பார்க்கிறதே இல்லை. அவன் கண் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். தொண்டையில் அடி, அதனால் பேச்சு வராது. படுத்த படுக்கையாக இருப்பவனை நோக்கி ஒவ்வொரு முகமாகக் குனிகிறது. ஆறு வருஷமாக நமக்குப் பழகிய அந்த முகங்களை, முதல் தடவை வலியோடு பார்க்கிறவனாக நாமும் பார்க்கிறோம். யார் தொட்டுப் பேசுகிறார்கள், யார் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள், யார் படுக்கை ஓரம் உட்கார்ந்து தன் சொந்தக் கவலையைச் சொல்லிவிடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்து வேறு மாதிரித் தெரிகிறது. இதிலும் பதிவுச் சிரிப்பு கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படுக்கையில் கிடப்பவன் காதில் முந்நூறு பேர் சிரிக்கிற மாதிரி இருந்திருக்கும்.

'மேஷ்' டிவிடியில் ஒரு வசதி உண்டு. பதிவுச் சிரிப்போடும் பார்க்கலாம், அது இல்லாமலும் பார்க்கலாம். பிரிட்டனில் பிபிசி ஆரம்பத்திலிருந்தே சிரிப்பை எடுத்துவிட்டுத்தான் ஒளிபரப்பியது. நான் சாதாரண எபிசோடுகளையே, அதாவது கனமான கதை எதுவும் இல்லாத வெறும் கேலி எபிசோடுகளையே, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிரிப்போடு பார்த்தால் ஹாக்ஐ ஒரு வேடிக்கையான மனிதன், ஊரையே சிரிக்க வைக்கிறான். சிரிப்பை எடுத்துவிட்டால் அவன் சொல்லும் ஜோக்குக்குக் கூடாரத்தில் இருக்கும் யாருமே சிரிக்கவில்லை என்பது தெரியும். சக மருத்துவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் தூங்கப் பார்க்கிறார். அவன் யாருக்காகவும் பேசவில்லை. பேச்சை நிறுத்தினால் தான் உடைந்துவிடுவோம் என்று பேசிக்கொண்டிருக்கிறான். அதே வசனம், அதே நடிப்பு. ஆலன் ஆல்டா ஆரம்பத்திலிருந்தே அந்த இரண்டாவது மனிதனைத்தான் நடித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெட்டிக் கதை போதும். நிஜக் கூட்டத்துக்கு வருவோம்.

'ஆல் இன் தி ஃபேமிலி' நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் கதை. ஆர்ச்சி பங்க்கர் வாயைத் திறந்தால் கறுப்பர், யூதர், பெண்கள் என்று யாரையாவது இளக்காரமாகப் பேசுவான். அவன் மனைவி எடித் வெகுளி. கடைசியில் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். நார்மன் லியரின் இந்தத் தொடரில், நேரடிப் பார்வையாளர் முன்னிலையில் டேப்பில் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். 1978-79இல் வந்த கடைசி சீசனைக் கூட்டமில்லாமல் பதிவு செய்து, பிறகு ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி அவர்கள் சிரிப்பைச் சேர்த்தார்கள். அப்போது அறிவிப்பையும் அதற்குத் தகுந்தாற்போல் மாற்றினார்கள். கேட்கும் சிரிப்பு எப்படி வந்தது என்பதை வீட்டில் பார்க்கிறவரிடம் மறைக்காத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1977 அக்டோபரில் எடித்தின் ஐம்பதாவது பிறந்தநாள் எபிசோட் வந்தது. ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டில் மகளும் மருமகனும் அவளுக்குத் தெரியாமல் விருந்து ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் எடித் தனியாக இருக்கிறாள். கதவைத் தட்டி ஒருவன் உள்ளே வருகிறான். தான் போலீஸ் என்கிறான், இந்தப் பக்கம் ஒரு பாலியல் குற்றவாளி திரிகிறான், அவனைத் தேடுகிறேன் என்கிறான். அந்தக் குற்றவாளியே அவன்தான்.

அடுத்து வரும் நிமிடங்கள் அமெரிக்க டிவி வரலாற்றிலேயே விசித்திரமானவை என்பேன். தப்பிக்க வழி தேடும் எடித் தன் இயல்புப்படி அசட்டுத்தனமாக ஏதேதோ பேசுகிறாள். கூட்டம் சிரிக்கிறது. ஏழு வருஷமாக அவள் பேசினால் சிரித்துப் பழகியவர்கள் ஆயிற்றே. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நடுங்கி அடங்குகிறது. மறுபடி ஒரு வசனம், மறுபடி ஒரு சிரிப்பு, அது இன்னும் சீக்கிரம் அடங்குகிறது. சிரிக்கிறோமே என்று அவர்களுக்கே பயமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும்தான். அடுப்பில் கேக் கருகிப் புகை வருகிறது. அவனுக்குப் போக்குக் காட்டி அதை எடுக்கப் போகிறவள், கொதிக்கும் கேக்கை அவன் முகத்தில் அறைந்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடுகிறாள். அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பும் ஆரவாரம் இருக்கிறதே, எந்தப் பெட்டியாலும் அதைப் போட முடியாது. அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் சத்தம் அது.

கதையை அதோடு முடித்திருந்தால் வெறும் வெற்றிக் கதை. அடுத்த பாதியில், அவனை அடையாளம் காட்டப் போலீஸுக்குப் போக எடித் மறுக்கிறாள். வாசலைத் தாண்டவே பயப்படுகிறாள். ஆர்ச்சியும் வேண்டாம் என்கிறான். மகள் குளோரியாதான் விடாமல் வாதாடுகிறாள். எடித்தாக வரும் ஜீன் ஸ்டேப்பிள்டனின் நடிப்பை இந்தப் பாதியில் பார்க்க வேண்டும். இயக்குநர் பால் போகார்ட்டுக்கு இதற்காக எம்மி விருது கிடைத்தது.

அதே வருஷம் டிசம்பரில் இன்னொன்று செய்தார்கள். பெவர்லி லசால் என்று பெண் வேடமிட்டு மேடையேறும் ஒரு கலைஞர், எடித்தின் சிநேகிதர். வழிப்பறிக்காரர்களிடமிருந்து மருமகன் மைக்கைக் காப்பாற்றப் போய் அடிபட்டு இறந்துபோகிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில். எடித்துக்குக் கடவுள் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது, சர்ச்சுக்குப் போக மாட்டேன் என்கிறாள். 1977இல், கேலிக்கு மட்டுமே பயன்பட்ட ஒரு பாத்திரத்தை, துக்கம் கொண்டாட வேண்டிய மனிதராக மாற்றிக் காட்டினார்கள். அதற்காகவே லியருக்கு ஒரு பெரிய கும்பிடு.

எல்லாத் தொடரும் இப்படி இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஹேப்பி டேஸ்' ஆரம்பத்தில் அமைதியான, அழகான குடும்பக் கதை. பிறகு கூட்டத்தின் முன்னால் எடுக்க ஆரம்பித்தார்கள். தோல் ஜாக்கெட் போட்ட ஃபான்ஸி உள்ளே நுழைந்தாலே கைதட்டலும் கூச்சலும் எழும். அடங்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதையே அந்தக் கைதட்டலுக்காக எழுதப்பட்டது. 1977இல் அவன் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே சுறா மீனைத் தாண்டிய எபிசோட் அதன் உச்சம். 'த்ரீஸ் கம்பெனி' பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, ஜான் ரிட்டர் விழுந்து புரளும் அழகைத் தவிர.

கூட்டத்தின் சிரிப்பைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு 'டாக்ஸி'யில் ஒரு காட்சி போதும். 1979 செப்டம்பரில் வந்தது. போதையில் வாழ்க்கையைத் தொலைத்த ஜிம்முக்கு ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுக்க நண்பர்கள் அழைத்துப் போகிறார்கள். எழுத்துத் தேர்வு. மஞ்சள் விளக்குக்கு என்ன அர்த்தம் என்று கிசுகிசுக்கிறான். 'மெதுவா' என்கிறான் நண்பன். தன்னை மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அதே கேள்வியை இழுத்து இழுத்துக் கேட்கிறான் ஜிம். மறுபடியும் 'மெதுவா'. இன்னும் இழுக்கிறான். கூட்டம் சிரித்து ஓயும் வரை கிறிஸ்டஃபர் லாய்ட் அசையாமல் காத்திருந்து, அடங்கிய நொடியில் அடுத்ததைத் தொடங்குகிறார். அந்தக் காட்சியின் தாளத்தைப் பாதி கூட்டம் போட்டது, பாதி அவர் போட்டது.

கடைசியாக, 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'. படுத்துவிட்ட ஒரு வானொலி நிலையத்தின் கதை, 1978இல் தொடங்கியது. அதன் ஏழாவது எபிசோட் 'டர்க்கீஸ் அவே' அமெரிக்காவில் இன்றும் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் பேசப்படுகிறது. நிலைய மேலாளர் கார்ல்சன் விளம்பரத்துக்காக ஒரு ரகசியத் திட்டம் போடுகிறார். கடைவளாகத்துக்கு வெளியே மைக்கோடு நிற்கும் செய்தியாளர் லெஸ் நெஸ்மன் நேரடி வர்ணனை கொடுக்கிறார். ஹெலிகாப்டர் தெரிகிறது. ஏதோ விழுகிறது. பாராசூட் வீரர்களாக இருக்குமோ என்கிறார். பாராசூட் விரியவில்லை. பிறகுதான் புரிகிறது, உயிருள்ள வான்கோழிகள். அவர் குரல் உடைகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள். 1937இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் கதறிக்கொண்டே கொடுத்த வர்ணனையின் சாயலில் ரிச்சர்ட் சாண்டர்ஸ் அதைச் செய்தார். ஒரு வான்கோழியைக்கூட நாம் பார்ப்பதில்லை. அவர் முகமும் குரலும் மட்டும்தான். வான்கோழி பறக்கும் என்றே நினைத்தேன் என்று கடைசியில் கார்ல்சன் சொல்லும்போது, கோர்டன் ஜம்ப்பின் முகத்தில் நகைச்சுவை துளியும் இருக்காது. மனதார வருந்தும் ஒரு மனிதர்.

இதே தொடர் என்ன செய்தது பாருங்கள். 1979 டிசம்பர் 3 அன்று, கதை நடக்கும் அதே சின்சினாட்டியில், 'தி ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் வாசலில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். இருக்கை எண் கிடையாது, முதலில் நுழைபவருக்கு முன்னிடம் என்ற முறை. நிஜத்தில் நடந்த இந்தச் சாவை ஒரு நகைச்சுவைத் தொடர் தொடலாமா? 1980 பிப்ரவரியில் தொட்டார்கள். முதல் பாதியில் நிலையமே நிகழ்ச்சிக்குப் போகும் உற்சாகத்தில் இருக்கிறது, வழக்கமான கேலி, வழக்கமான சிரிப்பு. இரண்டாம் பாதி மறுநாள் காலை. கூட்டிச் சேர்த்தவர்களில் நாமும் உண்டே, டிக்கெட் விற்க நாமும்தானே விளம்பரம் செய்தோம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பாதியில் கூடவே சிரித்திருந்த நமக்கும் அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. சிரிப்பை நிறுத்துவதற்கு இதைவிடச் சரியான இடம் இருந்திருக்க முடியாது.

இவற்றில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 'ஆல் இன் தி ஃபேமிலி'யின் அந்தப் பிறந்தநாள் எபிசோடைப் பாருங்கள், இரண்டு பாதியையும் ஒரே மூச்சில். 'மேஷ்' கையில் கிடைத்தால் ஒலி அமைப்புக்குள் போய், சிரிப்பில்லாத தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.